சின்ன நாடு வென்றது எப்படி?

2046ஆம் ஆண்டுக்கான உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தைப் பின்லாந்து வென்றுவிட்டது! ஆச்சரியப்பட வேண்டாம். எங்கள் வீட்டு மண்டபத்தில், நானாவின் கணினித் திரையில்தான் இது நடந்தது. உண்மையில் பின்லாந்தின் ஆண்கள் அணி இதுவரை ஒரு தடவையேனும் உலகக் கிண்ண இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றதில்லை. அப்படியானால் கணினியில் மட்டும் அது எப்படிச் சாத்தியமானது? இந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

நானா விளையாடுவது 'ஃபுட்போல் மெனேஜர்' என்னும் விளையாட்டு. போல் கொல்லியர், ஒலிவர் கொல்லியர் என்ற இங்கிலாந்துச் சகோதரர்கள் 1992இல் வெளியிட்ட 'சம்பியன்ஷிப் மெனேஜர்' என்பதே இதன் மூலம். 2004இல்தான் இப்போதைய பெயர் வந்தது. இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஒரு கழகத்தின் முகாமையாளராக இருந்து வீரர்களைத் தெரிவு செய்கிறோம், பயிற்சியைத் திட்டமிடுகிறோம், பணத்தைக் கணக்குப் பார்த்துச் செலவிடுகிறோம்.

விளையாட்டு தொடங்கும்போது உண்மையான வீரர்களே இருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் ஓய்வு பெற, கணினி ஒவ்வோர் ஆண்டும் கற்பனையான இளம் வீரர்களை உருவாக்குகின்றது. அவர்களின் தரத்தைத் தீர்மானிப்பதில் அந்நாட்டின் உதைபந்தாட்ட நிலையுடன், கழகத்தின் இளையோர் பயிற்சி வசதி, பயிற்றுவிப்பாளர்களின் தரம், திறமையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஆற்றல் என்பனவும் பங்கு வகிக்கின்றன.

நானா பின்லாந்தின் சிறிய கழகமொன்றைப் பொறுப்பேற்றார். உள்நாட்டுச் சுற்றில் வென்றதும் ஐரோப்பியப் போட்டிகளில் இடம் கிடைத்தது. அங்கு கிடைத்த பணத்தை விலையுயர்ந்த வீரர்களில் கொட்டாமல், பயிற்சி மைதானத்திலும் இளையோர் பிரிவிலும் இட்டார். அக்கழகத்தின் வெற்றிகளால் நாட்டின் தரப்புள்ளி உயர, ஏனைய பின்லாந்துக் கழகங்களுக்கும் ஐரோப்பாவில் இடங்கள் கூடின. அவற்றுக்கும் பணம் வந்தது. வணிகப் பிரிவில் நாங்கள் படிக்கும் கூட்டுவட்டியைப் போல, இலாபம் முதலாகி மேலும் இலாபத்தைத் தந்தது. இருபது ஆண்டுகளில் தேசிய அணியே மாறிவிட்டது.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு மறைவான எண்கள் உள்ளன. ஒன்று இன்றைய திறன், மற்றையது அவர் எட்டக்கூடிய உச்சத் திறன். இரண்டும் 200க்கு மேற்படுவதில்லை. உச்சம் 170ஆக இருக்கும் சிறுவனும் நல்ல பயிற்சியும் போட்டி வாய்ப்பும் கிடைக்காவிட்டால் அதை எட்டாமலே ஓய்வு பெற்றுவிடுவான்.

இது வெறும் கணினிக் கதையல்ல. ஐஸ்லாந்தின் சனத்தொகை நான்கு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாத அந்நாடு, 2000ஆம் ஆண்டளவில் இருந்து கூரையிட்ட பெரிய மைதானங்களை அமைத்தது. பாடசாலைகளுக்கு அருகே சிறு செயற்கைப் புல்தரைகளை இட்டது. சிறுவர்களுக்கும் தகைமை பெற்ற பயிற்றுவிப்பாளர்களையே நியமித்தது. 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2-1 என வென்று காலிறுதிக்குச் சென்றது. 2018இல் உலகக் கிண்ணத்திலும் விளையாடியது.

2022இல் மொரோக்கோ, உலகக் கிண்ண அரையிறுதிக்குச் சென்ற முதல் ஆபிரிக்க நாடானது. காலிறுதியில் போர்த்துக்கலுக்கு எதிராக ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்ட யூசுப் அந்-நசீரி, றபாத் நகருக்கு அருகிலுள்ள ஆறாம் முஹம்மது பயிற்சியகத்தில் வளர்ந்தவர். அதேவேளை, அவ்வணியில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். தன் பிள்ளைகள் எங்கிருந்தாலும் தேடி அழைத்ததும் அந்நாட்டின் வெற்றிக்கு ஒரு காரணமாகும்.

ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. கணினியில் தோற்றால் நானா பழைய பதிவைத் திறந்து மீண்டும் ஆடலாம். இருபது ஆண்டுகள் இரண்டு விடுமுறைகளில் ஓடிவிடும். நிஜத்தில் ஒரு பிள்ளையின் பத்து வயது ஒரு தடவைதான் வரும்.

"எந்நேரமும் இந்தப் பெட்டிக்கு முன்னாலதானா?" என்று ஏசும் வாப்பா அன்றிரவு நானாவின் அருகில் வந்து அமர்ந்தார். "அந்தச் சின்ன நாடு எப்படி மகன் வென்ற?" என்று கேட்டார். நானா எல்லாவற்றையும் விளக்கினார். வாப்பா சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட காலத்தில பந்தும் இருந்த, ஓட காலும் இருந்த. சொல்லித்தரத்தான் ஆளில்ல," என்றார். வாப்பா உதைபந்தாட்டம் விளையாடியவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்புச் சகோதரிகளே, பெற்றோர்களே! திறமை எந்த வீட்டிலும் பிறக்கலாம். அதற்கு ஒரு மைதானமும், சொல்லித்தர ஒருவரும், பொறுமையாகக் காத்திருக்கச் சில ஆண்டுகளும் வேண்டும். கணினி வீரனின் உச்சத்தைப் பிறக்கும்போதே எண்ணாக எழுதிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் எண்ணை நாமாக எழுதிவிடாமல் இருப்போம்.