வென்றவர் மட்டும் எழுதிய சட்டம்

தேர்தலில் வென்றவரே ஆளவேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் சர்வாதிகாரத்தினின்று அண்மையில் விடுபட்டு, அரசியல் சட்டத்தை இனிமேல்தான் இயற்றிக்கொள்ள வேண்டிய ஒரு தேசத்தில், வென்றவர் ஆள்வதோடு நில்லாமல், வருங்கால ஆட்சிகளுக்கெல்லாம் பொருந்தும் விதிகளையும் தாமே வகுக்க முற்படுவாராயின், தோற்றவர்களுக்கு அந்த அமைப்பில் நம்பிக்கை வைக்க யாதொரு காரணமும் இராது.

எகிப்தின் சரித்திரம் இதற்குச் சான்று. சர்வாதிகாரி முபாரக் வீழ்ந்த மறு ஆண்டில், 2012 ஜூனில், ஏறக்குறைய 51.7 சதவீத வாக்குகளால் ஜனாதிபதியான முகமது முர்சி, முதற்சுற்றில் பெற்றிருந்தது சுமார் 25 சதவீதமே. இறுதிச்சுற்றில் எதிர்த்து நின்ற, முபாரக்கின் கடைசிப் பிரதமர் வந்துவிடலாகாது என்று அஞ்சியவர்களின் வாக்கும் அவ்வெற்றியில் கலந்திருந்தது. ஆயினும் நவம்பர் 22 அன்று, தம் ஆணைகளை எந்த நீதிமன்றமும் விசாரிக்கலாகாது என்று அவர் பிரகடனம் செய்தார். பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையை ஜூனில் கலைக்கச் செய்த பழைய ஆட்சிக்கால நீதிபதிகள், அரசியல் சட்டத்தை இயற்றிவந்த அரசியல் நிர்ணய சபையையும் கலைத்துவிடுவார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் அதற்கு அவர் கண்ட பரிகாரம் எதிர்ப்பையே வளர்த்தது. தாராளவாதிகளும் கோப்டிக் திருச்சபையின் பிரதிநிதிகளும் வெளியேறிவிட்ட அச்சபையில், எஞ்சியோர் நவம்பர் 29 அன்று கூடி, இரவெல்லாம் விழித்திருந்து, 200க்கும் மேற்பட்ட பிரிவுகளை ஒவ்வொன்றாக வாக்குக்கு விட்டு, மறுநாள் காலைக்குள் நிறைவேற்றினர். பொது வாக்கெடுப்பில் 64 சதவீதத்தினர் ஆதரித்தனர். வாக்களிக்க வந்தவர்களோ மூன்றிலொரு பங்கினரே. 2013 ஜூன் 30 அன்று வீதியில் திரண்ட ஜனசமுத்திரத்தையே மக்களின் தீர்ப்பென்று காட்டி, ஜூலை 3இல் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. அதை எதிர்த்து கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் கூடியிருந்தோரில் நூற்றுக்கணக்கானோர் ஆகஸ்டில் மாண்டனர்.

அவ்வாறே சர்வாதிகாரத்தினின்று விடுபட்ட துனீசியாவிலோ, அரசியல் நிர்ணய சபையின் 217 இடங்களில் 89ஐ மட்டும் பெற்ற எந்நஹ்தா கட்சி வேறிரு கட்சிகளோடு சேர்ந்தே ஆள நேர்ந்தது. 2013இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் கொலையுண்டு நாடு கொதித்தபோது, தொழிற்சங்கம் முன்னின்று நடத்திய சமரசத்துக்கு அக்கட்சி இணங்கியது. 2014 ஜனவரியில் 200 வாக்குகளின் ஆதரவோடு அரசியல் சட்டம் நிறைவேறியது. ஆனால் அச்சட்டம் வாக்குறுதியளித்த அரசியல் சட்ட நீதிமன்றம் அமைக்கப்படவே இல்லை. ஆகவே 2019இல் 70 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்று ஜனாதிபதியான கைஸ் சையத், 2021 ஜூலை 25 அன்று பாராளுமன்றத்தை முடக்கியபோது, அது முறையா என்று தீர்ப்பளிக்க ஒரு சபை இல்லாமற்போயிற்று.

ஆதலால், புதிதாக ஜனநாயகம் காணும் நாடுகள், சட்டத்தைப் பொதுச் சம்மதத்தால் இயற்றுவதோடு, அதைக் காக்கும் ஸ்தாபனங்களையும், பெரும்பலம் பொருந்திய தலைவரொருவர் தோன்றுவதற்கு முன்னரே, தாமதமின்றி நிறுவிக்கொள்ள வேண்டும்.