‘டாகிட்’ என்னும் சொல்

மாணவர்களே! விடாப்பிடியைக் குறிக்கும் ‘டாகிட்’ என்னும் ஆங்கிலப் பெயரடை, நாய் என்று பொருள்படும் ‘டாக்’ என்பதினின்றும் பிறந்தது. முன்னர் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, இதனை ‘நாய்க்குணமுள்ள’ என்று தமிழாக்கினான். வகுப்பு நகைத்தது, ஆசிரியனாகிய நானும் நகைத்தேன். ‘விடாமுயற்சியுள்ள’ என்று திருத்தினேன். அதன்பின் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை.

பல்லாண்டு கழித்து, சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் இச்சொல்லைத் தேடினேன். அங்கே முயற்சி என்னும் பேச்சே இல்லை. கடுகடுப்பு, சிடுசிடுப்பு என்பனவே பொருள். அக்காலத்தார் இச்சொல்லில் கண்டது நாயின் நன்றியை அன்று, உறுமலையே! மாணவன் கூறியது முற்றிலும் பிழையன்று.

வேடிக்கை என்னவெனில், அந்த ஜான்சனே 1773-இல் ஸ்காட்லாந்துப் பயணத்தின்போது, ஒருவன் விடாப்பிடியாக உட்கார்ந்துவிட்டால் எப்பொழுதும் எழுதலாம் என்ற கருத்தைக் கூறுகையில், இச்சொல்லையே வினையடையாக்கி வழங்கினார். உடன் சென்ற பாஸ்வெல், அகராதியில் இப்பொருள் இல்லாமையைத் தம் நூலின் அடிக்குறிப்பில் சுட்டினார். சிடுமூஞ்சிக்காரனின் பிடிவாதம் போன்ற உறுதி எனத் தாமே பொருளும் ஊகித்தார். இதனினும் நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை.

பிடிவாதக்காரன் பிறர் சொல்லைக் கேளான். அவனை ‘ஆப்ஸ்டினேட்’ என்பர். விடாமுயற்சி என்றாலோ ஊக்கமும் நம்பிக்கையும் நம் நினைவுக்கு வருகின்றன. ‘டாகிட்’ மனிதனுக்கு அவை இல்லாமற் போகலாம். பற்றிய பணியை மட்டும் விடான். சார்லஸ் டார்வினைப் பாருங்கள். பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை 1846 முதல் எட்டு ஆண்டுகள் அறுத்து அறுத்து ஆராய்ந்தார். 1852-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அவ்வுயிரைத் தம்மைப்போல் வெறுத்தவர் எவருமிலர் என்னும் கருத்துப்பட அலுத்துக்கொண்டார். ஆயினும் 1854-இல் முடித்த பின்னரே அதனை விட்டார். ‘டாகிட்’ என்ற சொல் அமைந்த ஒரு தொடரை அவர் அடிக்கடி சொல்வாராம். அவர் மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார்.

ஒன்று கூற மறந்தேன். பெயரடையை ‘டா-கிட்’ என ஈரசையாக ஒலிக்க வேண்டும். பின்தொடர்ந்தான் என்னும் இறந்தகால வினைக்கும் எழுத்துகள் அவையே. அதனை ‘டாக்டு’ என ஓரசையாகவே ஒலிப்பர்.

இன்று என்னைக் கேட்டால், ‘சிடுசிடுத்துக்கொண்டேனும் விடாத’ என்று தமிழாக்குவேன். அம்மாணவனுக்கு நான் பாதி மதிப்பெண் கடன்பட்டிருக்கிறேன்.