புறச்சூழலும் மகிழ்ச்சியும்: சிறுசேரியை முன்வைத்து ஒரு விளக்கம்

மகிழ்ச்சி, வருத்தம், பெருமை, வெட்கம் ஆகியவை நமக்குள்ளிருந்தே எழுவதாக நாம் நினைக்கிறோம். ஆனால் அவற்றைத் தூண்டுபவை பெரும்பாலும் நமக்கு வெளியே இருக்கின்றன. பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளம், மேலதிகாரி சொன்ன ஒரு சொல், காலை நேரப் போக்குவரத்து நெரிசல், கைபேசியில் கண்ட ஒரு படம் என எதுவும் நம் மனநிலையை மாற்றிவிடும். ‘நான் யார், எனக்கு என்ன மதிப்பு’ என்ற எண்ணம்கூடப் பிறர் வழியாகவே பெரிதும் உருவாகிறது. இவற்றைப் புறத்தாக்கங்கள் எனலாம். இவை எவ்வாறு செயல்படுகின்றன, இவற்றில் நம் கையில் இருப்பது எது என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் சிறுசேரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சிறுசேரி ஏன்?

சிறுசேரி, சென்னைக்குத் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஊர். தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இங்கே தகவல் தொழில்நுட்பப் பூங்கா ஒன்றை அமைத்தது. மத்திய கைலாசிலிருந்து சிறுசேரி வரை ஆறு வழிச்சாலை போடப்பட்டு, அது ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்றது. உருகுவே நாட்டில் பிறந்த கட்டடக்கலைஞர் கார்லோஸ் ஓட் வடிவமைத்த டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் வளாகமும், சென்னைக் கணிதவியல் கழகமும் இப்பூங்காவில் உள்ளன.

புறத்தாக்கங்களைப் புரிந்துகொள்ள இது பொருத்தமான இடம். ஏறத்தாழ ஒரே வயது, ஒரே மாதிரியான பட்டம், ஒரே மாதிரியான வேலை கொண்ட பல்லாயிரம் இளைஞர்கள் இங்கே ஒன்றுகூடுகிறார்கள். பலர் சொந்த ஊரையும் பெற்றோரையும் விட்டு வந்தவர்கள். ஊரில் ‘இன்னார் மகன்’, ‘இன்னார் பேத்தி’ என்று அறியப்பட்டவருக்கு இங்கே அடையாள அட்டையும் பதவிப் பெயரும்தான் முகவரி. அதே சாலையில், வயலும் ஏரியுமாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களும் வாழ்கிறார்கள். யார் யாரோடு தன்னை ஒப்பிடுகிறார் என்பது இத்தகைய இடத்தில் மிக விரைவாக மாறும்.

தொல்காப்பியத்தின் பார்வை

உணர்ச்சிக்குப் புறக்காரணம் உண்டு என்பது தமிழுக்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. அழுகைக்கு அது தரும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு என்பது பிறரால் இகழப்படுவது. அசைவு என்பது முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது. பெருமிதத்துக்குரிய நான்கில் கல்வியும் அஞ்சாமையும் கொடையும் இருக்க, புகழும் இருக்கிறது. கல்வி நம்மிடம் இருப்பது. புகழோ பிறர் வாயில் இருப்பது.

இன்றைய உளவியல் சொல்லும் இரண்டு முக்கியமான செய்திகள் இப்பட்டியலிலேயே உள்ளன. ஒன்று, பிறர் நம்மை எப்படி மதிக்கிறார்கள் என்பது நம்மை அழவும் வைக்கும், நிமிரவும் வைக்கும். மற்றொன்று, நம் நிலை எப்படி இருக்கிறது என்பதைவிட, எந்த நிலையிலிருந்து மாறியது என்பதும் உணர்ச்சியைத் தீர்மானிக்கும்.

ஒப்பீடு என்னும் அளவுகோல்

அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-ல் சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை வெளியிட்டார். நம் திறமையை அளக்கத் தராசோ அடிக்கோலோ இல்லாதபோது, நம்மைப் போன்ற பிறரை அளவுகோலாகக் கொள்கிறோம் என்பது அதன் சாரம். ‘நம்மைப் போன்ற’ என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய சொல். பெரும் செல்வந்தரின் மாளிகையைக் கண்டு தூக்கம் கெடுவோர் குறைவு. ஒன்றாகக் கல்லூரியில் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பன் படூரில் அடுக்குமாடி வீடு வாங்கினால்தான் மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது.

சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே ஆகிய ஆய்வாளர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கற்பனை உலகங்களை முன்வைத்தனர். ஒன்றில் உங்கள் ஆண்டு வருமானம் 50,000 டாலர், மற்றவர்களுக்கு 25,000. இன்னொன்றில் உங்களுக்கு 1,00,000, மற்றவர்களுக்கு 2,00,000. பொருள்களின் விலை இரண்டிலும் ஒன்றுதான். ஆயினும் விடையளித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் முதல் உலகத்தையே தேர்ந்தனர். அதாவது, அடுத்தவரைவிட மேலே இருப்பதற்காகத் தம் வருமானத்தில் பாதியை விட்டுக்கொடுக்கவும் அவர்கள் ஆயத்தமாக இருந்தார்கள்.

எனவே சம்பளம் உயர்ந்தும் மகிழ்ச்சி உயரவில்லை என்று ஒருவர் சொன்னால், அது நன்றிகெட்ட பேச்சு ஆகாது. அவருடைய சம்பளத்தோடு அவர் பயன்படுத்தும் அளவுகோலும் உயர்ந்துவிட்டது என்பதே பொருள்.

பிறர் கண்ணாடியில் நம் முகம்

சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1902-ல் ‘கண்ணாடித் தன்னிலை’ என்ற கருத்தை முன்வைத்தார். பிறருக்கு நாம் எப்படித் தோன்றுகிறோம் என்று கற்பனை செய்கிறோம். அதைக் கண்டு அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று கற்பனை செய்கிறோம். அதன்பின் பெருமையோ கூச்சமோ அடைகிறோம். இம்மூன்றில் முதல் இரண்டும் நம் ஊகங்கள். பிறர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது தெரியாமலேயே நம் தன்மதிப்பு கூடவும் குறையவும் செய்கிறது.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் அப்ரைசல் முறை இக்கண்ணாடியை எழுத்தில் தருகிறது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், ஊழியர்களை முதல் 20 விழுக்காடு, நடு 70 விழுக்காடு, கடை 10 விழுக்காடு எனப் பிரிக்கும் முறையைப் பரப்பினார். ‘பெல் கர்வ்’ என ஊழியர்கள் பேசிக்கொள்ளும் முறை இதன் உறவினம். இதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேர் கொண்ட டீமில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும், யாரோ ஒருவர் கடைசி ரேட்டிங்கைப் பெற்றே ஆக வேண்டும். அந்த எண் அவர் செய்த வேலையை மட்டும் அளக்கவில்லை. அருகில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்தே அளக்கிறது. ஆனால் வாங்குபவர் அதைத் ‘தன் தகுதி’ என்று வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இத்தகைய தரவரிசையை 2013-ல் கைவிட்டது.

பழகிப்போதல்

வெளியிலிருந்து வரும் நன்மைக்கு மனம் விரைவில் பழகிவிடுகிறது. பிலிப் பிரிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 1978-ல் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும், பிறரையும் ஒப்பிட்டனர். வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குக் கிடைத்த நிறைவு குறைந்திருந்தது.

இதைக் கொண்டு பணத்தால் பயனே இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. சுவீடன் லாட்டரி வெற்றியாளர்களைப் பற்றி 2020-ல் வெளியான, இதைவிட மிகப் பெரிய ஆய்வு, பெரும் பரிசு பெற்றவர்களின் வாழ்க்கை நிறைவு பத்தாண்டுகளுக்குப் பின்னும் உயர்ந்தே இருந்ததைக் காட்டியது. அன்றன்றைய மகிழ்ச்சியில் ஏற்பட்ட மாற்றமோ சிறிதாக இருந்தது. கடன் தீர்வதும், பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு அஞ்சாமல் இருப்பதும் உண்மையான நன்மைகள். புதிய கார் முதல் மாதத்தில் தரும் பரவசம் மட்டுமே நிலைப்பதில்லை.

திரையின் வழியே வரும் உணர்வு

உணர்வு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. 2012 சனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் 6,89,003 பயனர்களின் பக்கங்களில் ஒரு வாரம் சோதனை நடத்தியது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளும், சிலருக்கு வருத்தமான பதிவுகளும் குறைத்துக் காட்டப்பட்டன. மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைவாகக் கண்டவர்கள் தாமும் சற்று வருத்தமாகவே எழுதினர். தாக்கம் மிகச் சிறியது. ஆயினும், பயனர்களிடம் சொல்லாமலே அவர்களின் மனநிலையைத் தொட முடியும் என்பது 2014-ல் வெளிப்பட்டபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது.

சாலையும் தூக்கமும்

எல்லாப் புறத்தாக்கமும் ஒப்பீட்டால் வருவதில்லை. சில நேரே உடலைத் தாக்குகின்றன. டேனியல் கானமனும் குழுவினரும் 2004-ல் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களின் ஒரு நாளை ஆராய்ந்தனர். வேலைக்குப் போய்வரும் பயண நேரம் மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. நாவலூர் சிக்னலில் தினமும் நிற்பவருக்கு இதற்கு ஆய்வு தேவையில்லை. வெளிநாட்டு நேரத்துக்கு வேலை செய்யும் இரவு ஷிப்ட் இன்னொரு சுமை. உடலின் உயிரியல் கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்ற கண்டுபிடிப்புக்கே 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரத்துக்கு எதிராக நீண்டகாலம் விழித்திருப்பவர் எளிதில் எரிச்சலடைவதும் சோர்வதும் குணக்கேடு அல்ல.

இத்தகைய சுமைகளைச் சுமப்பவரிடம் ‘மனசை நல்லா வெச்சுக்கோ’ என்று அறிவுரை கூறிப் பயனில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ ரயில் பாதை, முறையான ஷிப்ட் மாற்றம், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்கள் போன்றவையும் மகிழ்ச்சியைப் பற்றிய முடிவுகளே.

நம் கையில் இருப்பவை

முதலாவது, தாக்கத்தை அடையாளம் காண்பது. நார்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் குளோர் ஆகியோர் 1983-ல் தொலைபேசி வழியாக மக்களிடம் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டனர். மழை நாளில் கேட்கப்பட்டவர்கள் தம் வாழ்க்கையையே குறைவாக மதிப்பிட்டனர். ஆனால் முதலில் ‘அங்கே வானிலை எப்படி?’ என்று கேட்டுவிட்டால் அந்த வேறுபாடு மறைந்தது. வானிலையின் தாக்கம் பின்வந்த பெரிய ஆய்வுகளில் இவ்வளவு தெளிவாகத் தென்படவில்லை. எனினும் இதிலுள்ள பழக்கம் பயனுள்ளது. மனம் கனக்கும்போது ‘என் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே’ என்பதற்கு முன், ‘இன்று என்ன நடந்தது, எவ்வளவு தூங்கினேன், யாரோடு என்னை ஒப்பிட்டேன்’ என்று கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளை வைத்துக்கொள்வது. அலுவலகம் மட்டுமே ஒருவரின் மதிப்பைச் சொல்லும் இடமாக இருந்தால், ஒரு ரேட்டிங் அவரை முழுவதுமாகச் சாய்த்துவிடும். பழைய நண்பர்கள், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட், பாட்டு வகுப்பு, ஊர் நூலகம், சொந்த ஊர் உறவு என வேறு வட்டங்களும் இருந்தால் ஒன்றில் விழுந்தவர் இன்னொன்றில் நிற்பார்.

மூன்றாவது, நாமும் பிறருக்குப் புறச்சூழல்தான் என்பதை மறவாதிருப்பது. மேனேஜரின் ஒரு மின்னஞ்சல், ‘பக்கத்து வீட்டுப் பையன் ஆன்சைட் போயிட்டான்’ என்று அப்பா தொலைபேசியில் சொல்லும் ஒரு வரி, காவலாளியைப் பார்த்தும் பாராமல் கடக்கும் ஒரு கணம் ஆகியவை இன்னொருவரின் அன்றைய பொழுதாகிவிடுகின்றன.

வருத்தமோ பதற்றமோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் உணவையும் வேலையையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

பூங்குன்றனாரின் முடிவு

நன்மையும் தீமையும் பிறரால் வருவதில்லை என்று சொன்னவராகக் கணியன் பூங்குன்றனார் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறார். அதனால் எல்லாம் நம் மனத்தில்தான் இருக்கிறது என்றும் சிலர் முடித்துவிடுகிறார்கள். ஆனால் புறநானூற்றின் 192-ஆம் பாடலான அதே பாடல், ஆற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் மிதவையைப் போல உயிர் செல்கிறது என்றும் சொல்கிறது. வெள்ளம் வெளியே இருப்பதை அவர் மறுக்கவில்லை. அதை அறிந்ததால் அவர் அடையும் முடிவு ஒப்பீட்டைப் பற்றியது: பெரியவர் என்று ஒருவரை வியப்பதும் இல்லை, சிறியவர் என்று ஒருவரை இகழ்வது அதைவிடவும் இல்லை. ரேட்டிங் கடிதம் கைக்கு வரும் நாளில் நினைத்துக்கொள்ளத் தக்க செய்தி இது. அதை வாங்குபவருக்கும் பொருந்தும், கொடுப்பவருக்கும் பொருந்தும்.