கல்லில் நின்ற இசையும் தட்டில் நில்லாத தாளமும்

ஒலி பிறந்த கணத்திலேயே மறையும் இயல்பினது. சிற்பமும் ஓவியமும் காலத்தைக் கடந்து நிற்கும், பாட்டு நில்லாது. ஆயினும் அதனை நிறுத்திவைக்க மனிதன் முயன்ற வரலாறு நெடியது. அம்முயற்சியின் பழஞ்சான்றுகளுள் ஒன்று நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உள்ளது. பெயர்பெற்ற இசைத்தட்டுகளைப் பற்றிய இக்கட்டுரை ஒரு பாறையிலிருந்து தொடங்குவதற்கு அதுவே காரணம்.

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் குடுமியான்மலை அமைந்துள்ளது. அங்குள்ள குடைவரையை அடுத்த பாறைப்பரப்பில், கிரந்த எழுத்தில் பொறித்த இசைக் கல்வெட்டைக் காணலாம். எழுத்தமைதி கொண்டு அதனை 7ஆம் நூற்றாண்டினது என்பர். ஏழு பிரிவுகளாக, சுரங்கள் நான்கு நான்காகச் சேர்த்துப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே சுரம் அ, இ, உ, எ எனும் உயிரொலிகளோடு மாறி மாறி வருகின்றது. உருத்திராசாரியாரின் மாணவராகிய அரசர் ஒருவர், பயிலும் மாணாக்கரின் நன்மைக்காக இதனை இயற்றினார் என்று கல்வெட்டே கூறுகிறது. அவ்வரசர் மகேந்திரவர்ம பல்லவரே என்பது நெடுநாளைய வழக்கு; அறிஞர் யாவரும் அதற்கு உடன்படுவதில்லை. அது நிற்க, நாம் ஈண்டுக் கருத வேண்டியது வேறொன்று. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுரங்கள் அழியாமல் நிற்கின்றன. ஆனால் அவை எவ்வாறு ஒலித்தன என்பதை உறுதியாகச் சொல்வார் இன்று ஒருவருமிலர். அந்த உயிரொலி மாற்றங்கள் எதனைக் குறித்தன என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. எழுத்து நின்றது, ஓசை போயிற்று.

ஓசையையே பிடித்துவைக்கும் கருவியை 1877இல் எடிசன் உருவாக்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் என்பார் உருளைக்கு மாற்றாகத் தட்டை வட்டத்தில் பதியும் முறையைக் கண்டார். நம் பாட்டன்மார் ‘பிளேட்டு’ என்று வழங்கியது இதனையே. 1902 நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்த ஃபிரெட் கெய்ஸ்பர்க், கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாட்டின் இறுதியில் அவ்வம்மையார் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவிப்பதை இன்றும் கேட்கலாம். 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது.

அக்காலத் தட்டு எதனால் ஆனது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. நம் நாட்டு மரங்களில் சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கே அதன் மூலப்பொருள். அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்து அச்சில் அழுத்துவர். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிட அளவே பாடும். நான்கு மணி நேரக் கச்சேரிக்குப் பழகிய வித்துவான் மூன்று நிமிடத்திற்குள் தம் வித்தையைக் காட்ட வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இதனை இழிவெனக் கருதி ஒதுங்கியவர்களும் உண்டு. அவர்களைக் குறைகூற இயலாது.

எனினும் அந்த மூன்று நிமிடத்தை வென்றவர்கள் இருந்தனர். அவருள் முதலில் எண்ணத்தக்கவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். கிரானா மரபின் பெருங்கலைஞராகிய அவர் மைசூர் அரசவையில் பலமுறை பாடியவர். தென்னக இசையைக் காதலித்துக் கற்று, தியாகராசர் கீர்த்தனையைத் தட்டிலும் பாடிவைத்தவர். ‘ஜமுனா கே தீர்’, ‘பியா பின்’ ஆகிய தட்டுகளில் அவர் அவசரப்படுவதே இல்லை. நேரம் குறுகியது என்ற எண்ணமே கேட்பவருக்கு எழாது. 1937இல் புதுச்சேரிக்குச் செல்லும் வழியில் உடல்நலம் குன்றிச் சிங்கப்பெருமாள்கோவில் இரயில் நிலையத்தில் இறங்கினார். அங்கேயே தொழுது, இறைநாமத்தைப் பாடியவாறே உயிர் நீத்தார் என்று கூறுவர். மிரஜ் நகரத்துத் தர்காவில் அவர் அடக்கமாகியுள்ளார்.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி மற்றொன்று. கோயில் வீதிகளில் இரவெல்லாம் வளர்த்த இராகத்தைத் தட்டின் பக்கங்களுக்குள் அவர் அடக்கினார். சுருக்கினார் என்று சொல்ல மனம் வரவில்லை. சாறு பிழிந்தார் எனலாம். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா, இராஜரத்தினம் பிள்ளையின் வழியையே தம் முன்மாதிரியாகக் கொண்டார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. எஸ்.ஜி. கிட்டப்பாவோ 1933இல் 27ஆம் வயதிலேயே மறைந்தார். பேசும்படம் எதிலும் அவர் தோன்றவில்லை. ஆதலின் இன்று நமக்குக் கிடைக்கும் கிட்டப்பா முழுவதும் அரக்குத் தட்டுக்குள்தான் இருக்கிறார்.

வீணை தனம்மாளின் தட்டுகள் நம்மை அடுத்த செய்திக்கு இட்டுச் செல்கின்றன. அவருடைய வாசிப்பு மிக மெல்லியது; வீட்டில் அவர் வாசிக்கையில் கேட்போர் மூச்சையும் அடக்கி அமர்ந்திருப்பராம். 1925க்கு முன் பாடகர் ஒரு பெரிய கூம்புக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். அவ்வொலியின் விசையே மெழுகில் ஊசியைக் கீறச் செய்தது. மென்மையான வீணைக்கு அங்கே இடமேது? மைக்ரோபோன் வந்த பின்னரே, 1930களில், தனம்மாளின் விரல்கள் தட்டில் சிக்கின. அவையும் சிலவே.

மெல்லிய வீணைக்கு நேர்ந்த அதே இடர், வேறொரு வகையில், முழவுக்கும் நேர்ந்தது. புதுக்கோட்டையின் கதை இங்கேதான் வருகிறது.

இசையுலகில் ‘புதுக்கோட்டை’ என்றால் அது லயத்தின் மறுபெயர். மான்பூண்டியா பிள்ளை (1859–1922) உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கினார். அவர் மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் தம் காலத்தின் தலைமைக் கலைஞராகத் திகழ்ந்தார். பாலக்காடு மணி ஐயர் இளைஞராக மேடையேறிய காலத்தில் அவர்தம் மிருதங்கத்தோடு தட்சிணாமூர்த்தி பிள்ளையின் கஞ்சிரா இணைந்து முழங்கியதைப் பெரியவர்கள் கதைகதையாகச் சொல்வர். திருக்கோகர்ணம் அரங்கநாயகி அம்மாள் இப்பெரியாரிடம் பயின்று, பெண்கள் மிருதங்கத்தைத் தொடாத அந்நாளிலேயே மேடையேறி வாசித்தார்.

இத்துணைச் சிறப்பு வாய்ந்த மரபு அதன் பொற்காலத்தில் தட்டுகளில் உரிய இடம் பெறவில்லை. கூம்புக் குழல் முறையில் தாழ்ந்த ஒலிகள் சரிவரப் பதியா. மிருதங்கத்தின் வலந்தலை ஒருவாறு கேட்கும். இடந்தலையாகிய தொப்பியின் ஆழ்ந்த ஓசை கரைந்துவிடும். ஓங்கி அடித்தாலோ ஊசி துள்ளிப் பதிவு கெடும் என்றஞ்சி முழவரைப் பின்னே தள்ளி அமர்த்தினர். மூன்று நிமிடத்தில் தனி ஆவர்த்தனத்தை நினைக்கவும் இயலாது. தட்டின் நடுவே ஒட்டிய சீட்டில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயர் பெரும்பாலும் இராது. இவ்வாறு ஒரு கலையின் நெஞ்சமாகிய பகுதியே பதிவுக்கு வெளியே நின்றது. குடுமியான்மலையில் சுரம் எழுத்தாக நின்று ஓசை மறைந்தது. தட்டில் குரல் நின்று தாளம் மறைந்தது.

முழுவதும் மறைந்துவிடவில்லை என்பது நம் நற்பேறு. மான்பூண்டியா பிள்ளையின் மாணவர் பழனி முத்தையா பிள்ளை. அவர் மைந்தர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). இவர் இடக்கைப் பழக்கம் உடையவர். ஆதலால் மேடையில் அமரும் வரிசையே மாற வேண்டியிருந்தது. அதனை விரும்பாதாரும் இருந்தனர். அவ்விடரைக் கடந்து முன்னணிக்கு வந்தார். அவர் காலத்தில் வானொலி பரவியிருந்தது. திருச்சி நிலையம் 1939இல் தொடங்கப்பெற்றது. நாடாப் பதிவும் வந்துவிட்டது. ஆலத்தூர் சகோதரர்களுக்கும் மதுரை மணி ஐயருக்கும் அவர் வாசித்த கச்சேரிகள் சில முழுமையாக நாடாவில் கிடைக்கின்றன.

என் கருத்தில், புதுக்கோட்டையார் முதலில் தேடிக் கேட்க வேண்டிய பதிவுகள் இவையே. கேட்கும்போது பாட்டை விட்டுச் சற்று நேரம் தொப்பியை மட்டும் பின்தொடருங்கள். அடித்த ஓசையை அழுத்தி இழைத்து மேலெழச் செய்யும் கும்கி, அவர் கையில் பேச்சுப் போல் ஒலிக்கும். பாடகர் நிறுத்தும் இடத்தில் அவரும் கையெடுத்துவிடுவார். அந்த மௌனமும் கணக்கில் அடங்கியதே. அவர் மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் டொரொண்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். குருவின் கையருகே அமர்ந்து கற்றதனால் கடல் கடந்த கணக்கு அது; தட்டினால் சென்றதன்று.

இனி நம் கடமை ஒன்றுண்டு. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், திரைப்படத்திற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாக ஓடியன் தட்டுகளை விற்றவர். அக்காலத்தில் செட்டிநாட்டு மாளிகைகளிலும் நம் மாவட்டத்து வீடுகளிலும் கிராமபோன் பெட்டி இல்லாத கூடம் அரிது. அத்தட்டுகள் பரணில் கிடக்கின்றன. பல பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போய்விட்டன. அரிய நூல்களைக் காக்கப் புதுக்கோட்டையில் ஞானாலயா எழுந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இன்று சென்னையில் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. இசைத்தட்டுகளுக்கும் அத்தகைய கை வேண்டும். தமிழ்த்துறை மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊர்ப் பெரியவர்களை அணுகி இப்பணியைத் தொடங்கலாம்.

தொடங்குவோர்க்குச் சில குறிப்புகள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாகாது. நூல் போல் நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலில் அவை வளைந்துவிடும். அழுக்கு நீங்கச் சாராயச் சத்து அடங்கிய ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. அரக்கு அதில் கரையும். மென்துணியால் சுழலும் திசையிலேயே துடைத்தல் போதும். பிற்காலத்து நீண்ட நேரத் தட்டின் நுண்ணூசி இத்தட்டின் அகன்ற வரிக்குப் பொருந்தாது. 78 சுற்றுக்குரிய ஊசியே வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்பாக ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, சீட்டில் உள்ள பெயர், இராகம், நிறுவனம் ஆகியவற்றோடு, பாட்டு முடியும் இடத்திற்கும் சீட்டுக்கும் நடுவே அரக்கில் பொறித்த சிற்றெண்ணையும் எழுதிக்கொள்க. பதிவான ஆண்டைக் கண்டறியப் பெரும்பாலும் அவ்வெண்ணே வழிகாட்டும். சீட்டில் மிருதங்கக்காரர் பெயர் இருந்தால் அதனைத் தவறாது குறித்துவைக்க வேண்டும்.