தனி ஆவர்த்தனத்துக்குக் காது கொடுத்த ஸ்வீடன்காரர்கள்

*சென்னைக் கஞ்சிராவும் ஸ்வீடன் மின்கிட்டாரும் சந்தித்த ‘ஆர்ட் மெட்டல்’*

மார்கழிக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. பிரதான உருப்படியை முடித்த வித்வான், மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும் அரங்கில் நாற்காலிகள் சடசடக்கும். ‘தனிதானே, அதற்குள் ஒரு காபி’ என்று பாதிப் பேர் கேன்டீன் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அபிராமபுரத்திலிருந்து பொடிநடையாக வந்து டி.டி.கே. சாலை நாரத கான சபாவில் இடம் பிடிக்கும் பழைய ரசிகர்களும் இதற்கு விலக்கல்ல. பாட்டுக்கு உட்காருவார்கள், தாளக் கணக்குக்கு எழுந்துவிடுவார்கள்.

அப்படி நாம் எழுந்துபோகும் கணக்கை ஸ்வீடனைச் சேர்ந்த நான்கு பேர் ஒரு மெட்டல் ஆல்பத்தின் நடுநாயகமாக வைத்தார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆல்பத்தின் பெயர் ‘ஆர்ட் மெட்டல்’. பேஸ் கிட்டார் கலைஞர் யோனாஸ் ஹெல்போர்க் தன்னுடைய சொந்த நிறுவனமான பார்டோ மூலம் வெளியிட்டது. அதில் ஐந்தாவது ஆள் சென்னைக்காரர்: கஞ்சிரா வி. செல்வகணேஷ்.

‘வெண்ணிலா கபடி குழு’வுக்கு இசையமைத்தவர் என்றால் பலருக்கும் சட்டென்று விளங்கும். 2024 பிப்ரவரியில் ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமண்ட்’ ஆல்பத்துக்காக ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன் ஆகியோரோடு கிராமி விருது பெற்றவரும் இவரே. அந்த விருதுச் செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே அவர் ஒரு மெட்டல் குழுவில் வாசித்திருக்கிறார் என்பது சபா வட்டாரத்திலும் பேசப்படவில்லை, ராக் வட்டாரத்திலும் பெரிதாகப் பேசப்படவில்லை.

இரண்டு அப்பாக்கள்

இந்தக் குழுவின் குடும்பக் கதை சுவையானது. செல்வகணேஷின் தந்தை ‘விக்கு’ விநாயக்ராம், கடத்தை உலக மேடைக்குக் கொண்டுபோனவர். 1970களின் நடுவில் கிட்டார் கலைஞர் மெக்லாக்லினோடும் வயலின் எல். சங்கரோடும் தபலா ஜாகிர் உசேனோடும் சேர்ந்து ‘சக்தி’யை உருவாக்கியவர். செல்வகணேஷின் தாத்தா டி.ஆர். ஹரிஹர சர்மா, தாள வாத்தியங்களுக்கென்றே சென்னையில் ஒரு பள்ளி நடத்தியவர். வீட்டில் எல்லோரும் பேசுவதே சொற்கட்டு என்ற நிலையில் வளர்ந்த பிள்ளை, பிறகு கஞ்சிரா மேதை ஜி. ஹரிசங்கரிடமும் பாடம் கேட்டார்.

எதிர்ப்பக்கத்தில் டிரம்ஸ் ஆண்டர்ஸ் யோஹான்சன், கீபோர்டு யென்ஸ் யோஹான்சன். அண்ணன் தம்பிகளான இவர்கள் இருவரும் எண்பதுகளில் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீனின் குழுவில் வாசித்தவர்கள். ‘ஆர்ட் மெட்டல்’ வந்த சமயத்தில் ஆண்டர்ஸ் ‘ஹேமர்ஃபால்’ குழுவின் டிரம்மர். யென்ஸ் ‘ஸ்ட்ராட்டோவேரியஸ்’ குழுவின் கீபோர்டுக்காரர். இருவருமே மெட்டல் ரசிகர்கள் அறிந்த பெயர்கள். இவர்களுடைய தந்தை யான் யோஹான்சன் ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். ஸ்வீடனின் நாட்டுப்புற மெட்டுகளை ஜாஸில் வாசித்து 1964இல் அவர் வெளியிட்ட ஆல்பம், அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் பதிவுகளில் ஒன்று. 1968இல் கார் விபத்தில் இறந்துபோனார்.

ஆக, இரண்டு பக்கமும் கலப்பிசைக்குப் புதியவர்கள் அல்ல. கட்டுப்பெட்டி மரபிலிருந்து தப்பி வந்து கலப்பில் குதித்தவர்கள் யாரும் இதில் இல்லை. கலப்பே இவர்களுக்குப் பரம்பரைச் சொத்து.

நடுவே நின்று கூட்டியவர் ஹெல்போர்க். 1980களில் மெக்லாக்லினின் ‘மகாவிஷ்ணு’ குழுவில் வாசித்தபோதே அவருக்கு இந்தியத் தாளத்தின் பக்கம் காது திரும்பிவிட்டது. 2000இல் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ஷான் லேனோடும் செல்வகணேஷோடும் ஓர் ஆல்பம். 2003இல் செல்வகணேஷின் சகோதரர்கள் உமாசங்கர் கடத்திலும் உமாமகேஷ் பாட்டிலும் சேர்ந்துகொள்ள ‘ஐகான்’. அதே ஆண்டில் லேன் காலமானார். அந்தக் கூட்டணி அத்தோடு முடிந்தது. அடுத்து ஹெல்போர்க் கைகாட்டிய கிட்டார்காரர், கோதன்பர்க் நகரின் ‘ஃப்ரீக் கிச்சன்’ குழுவைச் சேர்ந்த மாத்தியாஸ் எக்லண்ட். லேனின் கிட்டார் ஜாஸ் பக்கம் சாய்ந்தது என்றால், எக்லண்டின் கிட்டார் இரும்பு. குழுவின் குணம் மாறியது அந்த ஒரு மாற்றத்தில்தான்.

பின்வரிசை வாத்தியம்

கஞ்சிரா அளவில் ஒரு சாண் அகலம். பலாமர வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், மரத்தில் ஒரு துளை, அதில் கோத்த காசுகள். அவ்வளவுதான். மரபாக உடும்புத்தோல், உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த பிறகு ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. வாசிப்பது ஒரே கை. மற்றக் கை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, விரல்நுனியால் தோலை அழுத்தி நாதத்தை ஏற்றி இறக்கும். வாசிக்கும் முன் உட்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவினால் தோல் தளர்ந்து, அந்த ஒரு சாண் வாத்தியத்திலிருந்து அடிவயிற்றைத் தொடும் ஒலி கிளம்பும்.

இதற்குக் கச்சேரி அந்தஸ்து வாங்கித் தந்தவராகப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையைச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த காரியம் அது. இருந்தாலும் மேடையில் அதன் இடம் ‘உப பக்கவாத்தியம்’. மிருதங்கம் கை ஓய்ந்தால் இது பேசலாம். பல கச்சேரிகளில் இடமே இருக்காது.

இந்தச் சின்ன வளையத்தை மெட்டல் குழுவுக்குள் வைப்பது ஒலிப்பதிவாளருக்குப் பெரிய சோதனை. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், நடு அலைவரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கீழே பேஸ் கிட்டாரும் இரட்டைக்கால் பேஸ் டிரம்மும் குடியிருக்கும். மேலே சிம்பல்கள். மீதி இடம் ஏது? ஸ்டுடியோ கைகொடுப்பது இங்கேதான். தனி மைக், தனி அளவு என்று வைத்தால் கஞ்சிராவின் வழுக்கிச் செல்லும் அடிநாதம் டிரம்ஸுக்குச் சமமாக முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். டிரம்ஸ் அடித்த இடத்தில் நின்றுவிடும் ஒலி. கஞ்சிராவோ அடித்த பிறகும் சுருதியில் நெளியும். அந்த நெளிவுதான் இரண்டையும் காதுக்குப் பிரித்துக் காட்டுகிறது.

முப்பத்திரண்டில் ஒரு கோர்வை

ஒலிப்பதிவு உத்தியால் மட்டும் ஆல்பம் நிற்காது. கஞ்சிராவும் மெட்டலும் கைகுலுக்கும் இடம் கணக்கு. மிருதங்கம் தெரியாதவருக்கும் விளங்கும்படி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம்.

ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. இதில் ‘தகதகிட’ என்ற ஐந்து மாத்திரைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால், ஆறு தடவையில் முப்பது ஆகிவிடும், இரண்டு மிஞ்சும். இந்த மிச்சத்தை என்ன செய்வது? பத்து மாத்திரைச் சொற்கட்டாக மூன்று தடவை வைத்து, நடுவில் இரண்டு இடத்தில் ஒரு மாத்திரை மூச்சு விட்டால் 10, 1, 10, 1, 10. மொத்தம் 32. அடுத்த அடி, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் போய் விழும். தலை சுற்றிக்கொண்டிருந்த ரசிகர் ‘ஆஹா’ என்று தொடையில் தட்டுவது அந்த இடத்தில்தான்.

இதே வேலையை மெட்டல்காரர்களும் செய்கிறார்கள். ஸ்வீடனின் வடபகுதி நகரான உமியோவில் பிறந்த ‘மெஷுகா’ குழு 1990களிலிருந்து செய்துவருவது இதன் ஒன்றுவிட்ட சகோதரம். சிம்பல் நாலு நாலாக அடித்துப் போகும். கிட்டாரும் பேஸ் டிரம்மும் அதன்மேல் ஏழு, ஒன்பது, இருபத்து மூன்று என்று ஒற்றைப்படை நீளத்தில் ஒரு ரிஃப்பை, திரும்பத் திரும்ப வரும் வாசிப்புத் துண்டை, சுற்றவிடும். இரண்டும் விலகி விலகிப் போய், குறித்த இடத்தில் வெட்டியோ நீட்டியோ ஒன்று சேர்த்துவிடுவார்கள். நம்மவர்கள் இதற்கு வாயால் சொல்லும் இலக்கணம் ஒன்றை, கொன்னக்கோலை, தலைமுறைகளாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் தங்கள் வழியில் எண்ணிப் பழகினார்கள். வேறுபாடு அவ்வளவே.

அதனால்தான் செல்வகணேஷ் இந்தக் குழுவில் விருந்தாளியாக ஒலிக்கவில்லை. வழக்கமான ‘ஃப்யூஷன்’ பாட்டில் சித்தார் நான்கு நொடி சிணுங்கும், தபலா பின்னால் ஓடும், பிறகு எல்லோரும் தங்கள் வழியே போவார்கள். அந்தத் தபலாவை எடுத்துவிட்டாலும் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. ‘ஆர்ட் மெட்டல்’ இசையில் கிட்டாரின் வாக்கியமே சொற்கட்டின் நீளத்தில் வெட்டப்படுகிறது. எக்லண்ட் பின்னாளில் கொன்னக்கோலைத் தன் கிட்டார் பயிற்சியின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டார். 2014இல் வந்த ‘தி ஜாஸ் ராஜ்’ ஆல்பத்தில் மும்பை டிரம்மர் ரஞ்சித் பாரோட்டும் சேர்ந்தபோது, குழுவில் பாதி இந்தியர்கள்.

சொல், சுரம், கணக்கு

தென்னிந்தியாவும் மெட்டலும் சந்தித்த வழி இது ஒன்றல்ல. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ‘ருத்ரா’, பெரும்பாலும் தமிழ் இளைஞர்களின் குழு. டெத் மெட்டலின் உறுமலில் உபநிடதக் கருத்துகளையும் சமஸ்கிருத சுலோகங்களையும் ஏற்றினார்கள். ‘பிரம்மவித்யா’ என்ற பெயரில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஆல்பங்கள். ‘வேத மெட்டல்’ என்ற பெயர் இவர்களோடு ஒட்டிக்கொண்டது. யூஜின் தைரியநாதன் என்ற சிங்கப்பூர் இசை ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையே எழுதினார். இங்கே இணைப்பு சொல்லில்.

கொச்சியின் ‘மதர்ஜேன்’ குழு 2008இல் ‘மக்தூப்’ ஆல்பத்தை வெளியிட்டபோது இணைப்பு சுரத்தில் இருந்தது. பைஜு தர்மஜனின் கிட்டார் கமகத்தோடு வளைந்தது. சுரப் பக்கத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெட்டலின் பிறப்பாகச் சொல்லப்படும் ‘பிளாக் சப்பாத்’ குழுவின் 1970 ஆல்பத்தின் முதல் பாட்டு, ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் இடையிலான தூரத்தில் நின்று மிரட்டுகிறது. மேற்கே அது சாத்தானின் இடைவெளி. மயிலாப்பூரில் அதே மத்யமம்தான் கல்யாணி, பந்துவராளி, ஷண்முகப்ரியா. அம்மன் சன்னதியில் நின்று பாடுவார்கள்.

சொல்லும் சுரமும் கேட்டவுடன் தெரியும். கணக்கு அப்படியல்ல, உட்கார்ந்து எண்ணினால்தான் பிடிபடும். ‘ஆர்ட் மெட்டல்’ பரவலாகப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். குரல் இல்லை, முணுமுணுக்க ஒரு வரி இல்லை. சில இடங்களில் ஐந்து பேரும் ஒருவர் கணக்கை ஒருவர் அவிழ்ப்பதிலேயே திளைத்துவிடுவதால், கேட்பவர் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. ராகத்தின் நிதானம் இந்த இசைக்குள் அதிகம் நுழையவில்லை என்ற குறையும் நியாயமானது. வேகத்தை மெச்சும் இரண்டு மரபுகள் சந்தித்தால், விளம்பகாலத்துக்கு வாதாட ஆள் இருக்காது.

ஊர் செய்ய வேண்டியது

இதற்கெல்லாம் ஸ்வீடன் வரை போக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்துவிட்டு மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா, 2006இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ வெளியிட்டார். அதில் ஓங்கிய கிட்டாருக்குத் துணை நம் தாள வாத்தியங்களே. பெங்களூரின் ‘புராஜெக்ட் மிஷ்ரம்’ குழு 2021இல் ‘மேசோ’ ஆல்பத்தோடு வந்தது. இந்தத் தலைமுறைக்கு வர்ணமும் ரிஃப்பும் ஒரே வீட்டுச் சாப்பாடு.

சென்னையில் சரக்கு இருக்கிறது. சந்திக்க இடம்தான் இல்லை. சபாக்களின் இசைவிழா டிசம்பர், ஜனவரியில். ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவும் ஜனவரியில்தான். 2009இல் ஸ்வீடனின் ‘ஓபெத்’ குழு வந்து வாசித்த மேடை அது. ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே பருவம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு கூட்டம். சாரங் மேடையில் ராக் இரவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தாள வாத்தியங்களின் லய விந்யாசம் வைக்கலாம். சபாக்கள் தங்கள் மதிய நேரக் கச்சேரிகளில் ஒன்றை, கஞ்சிராவும் டிரம்ஸும் சமமாக உட்காரும் குழுவுக்குத் தரலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. அபிராமபுரத்து மாமாவும் அடையாறு கறுப்புச் சட்டைப் பையனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து எண்ணினால், சமம் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வரும்.