துணைக்கு ஒரு துணை

இராமன் கானகம் சென்ற பின், தன் உயிர் பிரியும் இரவில் தசரதன் கோசலையிடம் ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறான். இளவரசனாக இருந்த காலத்தில், சரயு நதிக்கரையில் இருள் சூழ்ந்த வேளையில், குடத்தில் நீர் நிரம்பும் ஒலியை யானை எழுப்பும் ஒலி என்று எண்ணி அவன் அம்பு தொடுத்தான். அம்பு பட்டு வீழ்ந்தவனோ ஓர் இளம் தவசி. சிரவணகுமாரன் என்று மக்கள் போற்றும் அப்பிள்ளை, தன் உயிரைக் காட்டிலும் பெற்றோரை எண்ணியே மிகவும் வருந்தினான். பார்வையற்ற முதிய தாயும் தந்தையும் தாகத்தோடு காத்திருக்கிறார்கள். இனி அவர்களுக்கு யார் துணை என்பதே அவன் கலக்கம். அவன் அஞ்சியபடியே, அந்த ஓர் அம்பினால் மூன்று உயிர்களும் பிரிந்தன.

தசரதன் பெற்ற சாபத்துக்காகவே இக்கதை பெரிதும் நினைவுகூரப்படுகிறது. ஆயினும் முதியோர் தனித்து வாழும் வீடுகளுக்கு இதில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. இரு உயிர்களின் உணவும் நீரும் ஒரே ஒருவரின் கைகளை நம்பி இருந்தால், அந்தக் கைகள் ஓயும் நாளில் அனைத்தும் ஓய்ந்துவிடும்.

இன்று பல இல்லங்களில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்கின்றனர். சிரவணனின் இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் வாழ்க்கைத் துணையே. மறதி நோய் கண்ட கணவருக்கு மனைவியோ, படுக்கையில் கிடக்கும் மனைவிக்குக் கணவரோ இரவு பகலாகப் பணிவிடை செய்கின்றனர். அந்தப் பணிவிடைக்கு ஈடு இல்லை. ஆனால் பணிவிடை செய்பவருக்கும் வயது எழுபதைக் கடந்திருக்கும் என்பதை மட்டும் வீட்டார் மறந்துவிடுகின்றனர்.

செல்வமும் புகழும் இந்த ஆபத்தைத் தடுப்பதில்லை என்பதை 2025ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு துயரம் காட்டியது. ஆஸ்கர் விருதை இருமுறை வென்ற நடிகர் ஜீன் ஹாக்மன் 95 வயதில், மறதி நோயோடும் இதய நோயோடும், நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாண்டா ஃபே நகருக்கு அருகே வசித்துவந்தார். அவரைப் பேணிக் காத்தவர் அவர் மனைவி பெட்ஸி அரகாவா, வயது 65. எலிகள் மூலம் பரவும் ஹான்டா வைரஸ் தொற்றால் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அவர் திடீரென்று இறந்தார். அதன்பின் ஏறத்தாழ ஒரு வார காலம் கணவர் அதே வீட்டில் இருந்து, பிப்ரவரி 18ஆம் நாளையொட்டி இறந்திருக்கலாம் என்று மருத்துவ ஆய்வாளர்கள் கருதினர். மனைவி மறைந்ததை அவர் உணராமலே இருந்திருக்கக்கூடும் என்றும் கூறினர். இருவரின் உடல்களும் பிப்ரவரி 26 அன்றுதான் கண்டெடுக்கப்பட்டன.

சரயு நதிக்கரையில், பிழை செய்த தசரதனாவது நீர்க்குடத்தை ஏந்திக்கொண்டு அப்பெற்றோரைத் தேடிச் சென்றான். இந்த வீட்டின் கதவைத் தட்டவோ, அத்தனை நாட்கள் எவரும் வரவில்லை.

மறதி நோய் முற்றியவருக்குத் தொலைபேசியை எடுத்து உதவி கேட்கத் தெரியாது. முதுமையில் தாக உணர்வு குறைவதால், நீர் கொடுப்பவர் இல்லையெனில் உடல் விரைவில் வறண்டுவிடும். வேளைக்கு உரிய மாத்திரை நின்றுபோகும். அல்லது உண்ட மாத்திரையையே மீண்டும் உண்ண நேரிடும். நோயாளி வெளியே சென்று வழி தவறிவிடக் கூடாது என்று மனைவி அன்போடு பூட்டிய கதவே, அவர் மறைந்த பின் கணவருக்குச் சிறையாகிவிடும்.

சுமங்கலியாகவே இறைவனடி சேர வேண்டும் என்பது நம் இல்லத்தரசிகள் பலரின் நெடுநாள் பிரார்த்தனை. அந்தப் பிரார்த்தனையில் பிழையில்லை. ஆனால் அது பலிக்கும் நாளில், தம்மையே நம்பியிருக்கும் கணவருக்கு அடுத்த வேளைச் சோறு தருபவர் யார் என்பதையும் அவர்கள் இன்றே முடிவு செய்துவைக்க வேண்டும். சிரமத்தை எவரிடமும் சொல்லாமல் மறைப்பது மானமாகத் தோன்றலாம். கணவரை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தம் கண் அறுவைச் சிகிச்சையையும் இதயப் பரிசோதனையையும் தள்ளிப்போடுவது தியாகமாகத் தோன்றலாம். இரண்டுமே முடிவில் கணவரைத்தான் ஆதரவற்றவர் ஆக்குகின்றன.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மாலையில் விளக்கேற்றியதும் பிள்ளைக்கோ உறவினருக்கோ நாள்தோறும் ஓர் அழைப்பு. அது வராவிட்டால் உடனே நேரில் வந்து பார்க்க அருகில் ஒருவர். நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் ஒரு மாற்றுச் சாவி. மருந்துகள், மருத்துவர், பிள்ளைகளின் எண்கள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிப் பூஜையறைச் சுவரில் ஒட்டிய ஒரு தாள். நோயாளியின் வழக்கங்களை நன்கு அறிந்த இரண்டாம் நபர் ஒருவர். இவை ஐந்தும் இருந்தால் வீடு பாதுகாப்பின் பெரும்பகுதியைப் பெற்றுவிடும்.

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. அவசர மருத்துவ உதவிக்கு 108. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. தனித்து வாழும் மூத்த குடிமக்களின் பட்டியலைக் காவல் நிலையங்கள் வைத்திருக்க வேண்டும் என்று அதன் மாதிரி விதிகள் கூறுகின்றன. தம் பெயரையும் முகவரியையும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் பதிந்துவைப்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

கோயிலுக்கும் இதில் பங்கு உண்டு. எந்தப் பெரியவர் எந்தத் தூணருகே அமர்வார், எந்த அம்மையார் எந்தக் கிழமையில் நெய் விளக்கு ஏற்றுவார் என்பதை அர்ச்சகரும் பூக்காரரும் நன்கு அறிவர். அடியாரைப் பேணுவது ஆண்டவனைப் பேணுவதே என்பது சைவமும் வைணவமும் ஒருங்கே போற்றும் நெறி. பஜனைக் குழுவினரும் உழவாரப் பணி செய்வோரும் தம் தெருக்களில் தனித்து வாழும் தம்பதியரைக் குறித்துவைத்துக்கொண்டு, முறைவைத்து நாள்தோறும் விசாரிக்கலாம். பிரதோஷத்துக்கோ ஏகாதசிக்கோ தவறாமல் வருபவர் ஒருநாள் வரவில்லையென்றால், அடுத்த பிரதோஷம் வரை காத்திருக்க வேண்டாம். அன்று மாலையே பிரசாதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதும் வழிபாடே ஆகும்.