செட்டிநாட்டுக் காற்றில் மகரந்தம்: எந்த நேரம், எந்த மழை?

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் தும்மலும் மூக்கடைப்பும் கூடிவிடும். கேட்டால் 'டஸ்ட் அலர்ஜி' என்பார்கள். பலருக்கு அது உண்மையும்கூட. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணி, ரைஸ்மில் தூசி, கரிமூட்டப் புகை எல்லாமே மூக்கைக் கிளறக்கூடியவை. ஆனால் ஆண்டுதோறும் அதே பருவத்தில் வந்து, முற்பகலில் அதிகமாகி, நல்ல மழை பெய்ததும் அடங்கிப்போகிற தும்மல் என்றால் மரங்களின் மகரந்தத்தையும் சந்தேகப்பட வேண்டும். மரம் பூத்துவிட்டது என்பதற்காக மகரந்தம் காற்றுக்கு வந்துவிடாது. அதை வெளியே விடுவதும், தூக்கிச் செல்வதும், தரையில் இறக்குவதும் வெயில், ஈரப்பதம், காற்று, மழை இந்த நான்கின் வேலை.

முதலில் பழி யார் மேல் என்று பார்த்துவிடுவோம். வேப்பம்பூவையும் சரக்கொன்றையையும் குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. மணமும் நிறமும் உள்ள பூக்கள் வண்டையும் தேனீயையும் நம்பி இருப்பவை. அவற்றின் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் போகாது. காற்றை நம்பும் மரங்களின் பூவை நாம் பூவென்றே கவனிப்பதில்லை. சவுக்கு அப்படிப்பட்டது. பனையிலும் தென்னையிலும் பூச்சிகளோடு காற்றுக்கும் பங்கு உண்டு. காய்க்காத அலகுப்பனைதான் மகரந்தம் தருவது. தென்னையின் ஒரு பாளையிலேயே ஆயிரக்கணக்கில் ஆண் பூக்கள் இருக்கும், அதுவும் ஆண்டு முழுவதும் பாளை விடும்.

இடையில் நிற்பது சீமைக்கருவேலம். 1870களில் மதராஸ் மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மரம் இன்று சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய், தரிசு, சாலையோரம் எங்கும் பரவிக் கிடக்கிறது. பூச்சிகளை நம்பும் மரம்தான். ஆனாலும் இத்தனை மரங்கள் ஒன்றாகப் பூக்கும்போது உதிர்வதில் ஒரு பங்கு காற்றில் கலந்துவிடுகிறது. ராஜஸ்தானிலும் வளைகுடா நாடுகளிலும் அதன் மகரந்தம் ஒவ்வாமைக்குக் காரணம் என்று உறுதிப்பட்டிருக்கிறது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. தண்ணீருக்காகவும் நிலத்துக்காகவும் பேசப்படுகிற அந்த வேலையில் மூச்சின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இனி மகரந்தம் வெளியே வரும் விதம். பூத்திருக்கும் சவுக்கின் ஊசிக் கிளைகளின் நுனியைப் பாருங்கள். பழுப்பாகச் சிறு கதிர்போல் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஆண் பூங்கொத்து. விடிகாலைப் பனியில் அந்தக் கிளையின் கீழே கறுப்புக் குடையை விரித்துத் தட்டினால் நீர்த்துளிதான் விழும். அதே கிளையை வெயில் ஏறிய பிறகு, பத்து மணி வாக்கில் தட்டினால் குடைத்துணியில் வெளிர்மஞ்சள் பொடி படியும். மகரந்தப்பையின் சுவர் ஈரம் இழந்து சுருங்குகிறது. சுருங்கும்போது ஒரு தையல் கோட்டில் பிளந்துகொள்கிறது. எள்ளுக்காய் வெயிலில் வெடிப்பது போலத்தான். காற்றில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும் நாளில் இந்தப் பிளப்பு தள்ளிப்போகும். மேகமூட்டம் போட்ட காலையில் தும்மல் குறைவதற்கும், மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்ததும் சேர்த்துவைத்துத் தாக்குவதற்கும் இது ஒரு காரணம்.

வெளியே வந்த பொடி எவ்வளவு தூரம் போகும்? சுமார் 30 மைக்ரான் அளவுள்ள ஒரு மகரந்தத்தூள், அதாவது தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லாதது, அசையாத காற்றில் நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இறங்கும். 12 மீட்டர் உயர மரத்திலிருந்து தரைக்கு வர எட்டு நிமிடம் ஆகும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று வீசினாலே அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் போய்விடும். உச்சிவெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று அதை இன்னும் மேலே தூக்கும். ஆஸ்திரேலியச் சவுக்கின் மகரந்தம் கடல் தாண்டி ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் நியூசிலாந்தின் சதுப்பு மண்ணில் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து மரத்தை வெட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். வெட்டினாலும் முழுதாகத் தீராது, நிழல்தான் போகும்.

மாலையில் தரை குளிர்ந்ததும் மேலே போனது மெல்ல இறங்கத் தொடங்கும். அதனால் சிலருக்கு இரவு ஏழு, எட்டு மணிக்குத் தும்மல் மறுபடி வரும். ஆனி, ஆடியின் மேல்காற்று வேறு விதம். பூப்பருவம் தணிந்திருந்தாலும் ஓட்டுக்கூரையிலும் சாலையோரத்திலும் படிந்துகிடப்பதைப் புழுதியோடு மறுபடி கிளப்பிவிடும்.

மழைக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்யும் மழை காற்றைக் கழுவிவிடுகிறது, மகரந்தப்பைகளும் திறப்பதில்லை. மூச்சுத்தொல்லைக்காரர்களுக்கு அப்போது ஈரத்தில் பூக்கும் பூஞ்சைதான் பிரச்சினை, மகரந்தம் அல்ல. அந்த மழை நன்றாகப் பெய்து நிலத்தில் ஈரம் தங்கினால், தை, மாசியில் பல மரங்கள் கூடுதலாகப் பூக்கும். நல்ல மழை ஆண்டுக்குப் பிந்திய பங்குனியில் மகரந்தம் அதிகமாக வாய்ப்பு உண்டு.

கவனமாக இருக்க வேண்டியது சித்திரை, வைகாசியின் கோடை இடிமழையிடம்தான். பிற்பகலில் கருத்து, மழைக்கு முன்னால் ஒரு குளிர்ந்த காற்று சுழற்றி அடிக்குமே, அது மேகத்திலிருந்து கீழே பாய்ந்து தரையோடு பரவும் காற்று. அது பொடியையெல்லாம் நாம் மூச்சுவிடும் உயரத்துக்கு வாரிக்கொண்டு வரும். கூடவே ஈரம் பட்ட மகரந்தத்தூள் நீரை உறிஞ்சி உப்பி வெடித்து, 5 மைக்ரானுக்கும் குறைவான துணுக்குகளாகிவிடும். முழுத்தூள் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கும். துணுக்கு நுரையீரல்வரை போகும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 2016 நவம்பர் 21 மாலை இப்படித்தான் ஆனது. இடிமழைக் காற்று அடித்த சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே காரணம் புல்லின் மகரந்தம். நம் பக்கத்து மரங்கள் வேறுதான். ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால், அந்த முதல் காற்றுக்கு ஜன்னலைச் சாத்துங்கள். இன்ஹேலர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். 'மழை வரப்போகுது, குளுகுளுன்னு இருக்கு' என்று மாடியில் போய் நிற்க வேண்டாம். மழை நின்றதும் கதவைத் திறந்துவிட வேண்டாம், அந்தத் துணுக்குகள் மழைக்குப் பிறகும் சில மணி நேரம் காற்றில் தங்கக்கூடும்.

செட்டிநாட்டு வீடு காற்றுக்காகவே கட்டப்பட்டது. முகப்பிலிருந்து வளவு வழியாகப் பின்கட்டுவரை வாசல்கள் ஒரே நேரில் இருக்கும், நடுவே வானம் பார்த்த முற்றம். இந்த அருமையான அமைப்பைக் குறை சொல்ல மாட்டேன். பூப்பருவத்தில் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். விடிகாலையில் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, வெயில் ஏறியதும் காற்று வரும் பக்கத்து வாசலைச் சாத்திவையுங்கள். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். தலையணை உறையை அந்த நேரத்தில் மாடிக்கொடியில் காயப்போட வேண்டாம்.

மகரந்தத்தை அளக்க ஒரு கருவி 1952-லிருந்து இருக்கிறது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஹர்ஸ்ட் என்பவர் வடிவமைத்தது. ஓய்வில் இருக்கும் மனிதன் மூச்சிழுக்கும் அளவில், நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை அது உறிஞ்சும். உள்ளே பசை தடவிய நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த மணிக்கு எந்த மரத்தின் தூள் வந்தது என்று தெரிந்துவிடும். இப்படி எண்ணித்தான் சண்டிகரில் 2022-ல் அந்த நகருக்கென மகரந்த நாள்காட்டி வெளியிட்டார்கள். அந்த நாள்காட்டி நமக்கு உதவாது. அங்குள்ள மரம் வேறு, மழை வேறு. காரைக்குடிக் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் மொட்டைமாடியில் ஒரு கருவியை வைத்து, சில ஆண்டுகள் எண்ணி, நமக்கான நாள்காட்டியைத் தர வேண்டும்.

அது வரும்வரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். ஒரு நோட்டில் தேதி, தும்மல் வந்த நேரம், வெயிலா மூட்டமா, காற்று எந்தப் பக்கம், தெருவில் எது பூத்திருக்கிறது என்று எழுதி வாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.